கோமதிக்கு நான் கொடுத்த எளிய பாடம்

கோமதி மந்தமானவள் அல்ல. மந்தமானவள் என்று அவளையே நம்ப வைத்தவள் நான்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். முடியாது. தொடக்கத்தில் எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்த பிறகு? தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லையே! இன்றுவரை திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளை விட்டுவிட்டு, முகம் தெரியாத உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன்... இதுவும் ஒரு கோழைத்தனம்தான். நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நீளமான கதை இல்லை. கேட்டு முடித்ததும் என்னைத் தேற்ற மட்டும் வேண்டாம். அதற்காக நான் வரவில்லை.

சிதம்பரத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். நேரில் வந்து படிக்க முடியாதவர்களுக்கு அஞ்சலில் பாடம் அனுப்பும் நிலையம். 2008இல் அஞ்சலை விட்டுக் கணினிக்கு மாறினோம். மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கான ஓராண்டுப் படிப்பை இணையத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்றா சொன்னேன்? பொய். நானே கையை உயர்த்திக் கேட்டு வாங்கினேன். ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டும் பிழைப்பு என்னுடையது. புதிதாக எதையாவது செய்து காட்டினால்தான் அடுத்த ஆண்டும் நாற்காலி இருக்கும்.

வீடு திருப்பாதிரிப்புலியூரில். காலையில் நெரிசலில் ஏறிச் சிதம்பரம் போவேன். மாலையில் பேருந்தின் ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கிக்கொண்டு திரும்புவேன். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, மறுநாளைக்கு அரைக்க வேண்டிய மாவு. அந்தக் களைப்பைச் சாக்காகச் சொல்லவில்லை... இல்லை, சாக்காகத்தான் சொல்கிறேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம்?

எல்லாருக்கும் ஒரே பாடம் என்பது அநியாயம் என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன், அதுதான் வேடிக்கை! பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணும், பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்ட பெண்ணும் ஒரே பக்கத்தை ஒரே வேகத்தில் படிக்க வேண்டுமா? ஒருத்திக்கு அலுப்புத் தட்டும். இன்னொருத்திக்கு மூச்சு முட்டும். அச்சடித்த புத்தகத்தில் இதற்கு வழியில்லை. கணினியில் உண்டு. ஆளுக்குத் தகுந்த பாடம்! இதைக் கூட்டத்தில் நான் பேசியபோது இயக்குநர் மேசையைத் தட்டி மகிழ்ந்தார்.

ஆக, பாடத்தை மூன்றாகப் பிரித்தேன். விரைவுப் பாடம், இயல்புப் பாடம், எளிய பாடம். எளிய பாடத்திலிருந்து கடினமான பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒரு நாள் வகுப்பை எப்படித் திட்டமிடுவது, குழந்தையின் வளர்ச்சியை எப்படிக் கவனித்து எழுதி வைப்பது... ஓர் ஆசிரியைக்கு முக்கியமாகத் தெரிய வேண்டிய இவையெல்லாம் அதில் கிடையாது. அந்த இடத்தில் படங்களும் கதைகளும் வைத்து நிரப்பினேன். பெயர் சூட்டியவளும் நான்தான். 'எளிய' என்ற சொல்லைக் கண்டுபிடித்த அன்று எனக்கு எவ்வளவு பெருமை! யார் மனமும் நோகாத சொல்லாம்...

யாருக்கு எந்தப் பாடம் என்று தீர்மானிப்பது யார்? கணினிதான். சேர்ந்ததும் ஒரு நுழைவுத் தேர்வு. விடை சரியா தவறா என்று பார்த்தால் மட்டும் போதாது, விடை சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர்கள் எப்படிப்பட்ட மாணவர்கள் என்பதைக் காட்டும் என்று நான் வாதாடினேன். கேள்விப் பக்கத்தைத் திறக்கச் சொடுக்கிய நொடியிலிருந்து கணினி மணி பார்க்கும். விடை சரியாகவே இருந்தாலும், ரொம்பத் தாமதமானால் எளிய பாடம். விதி என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

அந்த மென்பொருளைச் செய்து கொடுத்தவர் மோகன். பெண்ணாடத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு சிக்கலோடு வந்தார்.

"மேடம், ஆங்கிலக் கேள்வி பிரச்சன இல்ல. தமிழ்தான். வெளிய பிரவுசிங் சென்டர்ல பாதி சிஸ்டத்துல தமிழ் எழுத்தே வராது, கட்டம் கட்டமாத்தான் தெரியும். ஒண்ணு செய்யலாம். தமிழ்க் கேள்விய மட்டும் படமா புடிச்சிப் போட்டுடலாம். எங்க தொறந்தாலும் தெரியும்."

அருமையான யோசனை என்றேன். படம்தானே, இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் வண்ணப் பூக்களும் குழந்தைகளும் போடச் சொன்னதும் நானே. எங்கள் அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தோம். படங்களை ஏற்றி வைத்திருந்த கணினி பக்கத்து அறையிலேயே இருந்ததால் சொடுக்கியவுடன் படம் வந்து நின்றது. கைதட்டினோம்! ஆங்கிலத்தில் படிப்பவருக்கு எழுத்தாக வருகிறது, தமிழில் படிப்பவருக்குப் படமாக வருகிறது, இரண்டும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. எங்கள் அறையைத் தாண்டினால் ஒன்று இல்லை.

முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் இரண்டு வகை. சிதம்பரத்திலும் கடலூர் நகரத்திலும் வீட்டில் கணினி வைத்திருந்த பெண்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள். இன்னொரு வகை, கடலூர்க் கடற்கரைக் குப்பங்களின் பெண்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனம் அவர்களைச் சேர்த்துவிட்டிருந்தது. முதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்.

நுழைவுத் தேர்வு முடிந்தது. நகரத்துப் பெண்கள் விரைவிலும் இயல்பிலும் வந்தார்கள். குப்பத்துப் பெண்கள் மொத்தமாக எளிய பாடத்தில் வந்து விழுந்தார்கள்.

"பாத்தீங்களா விஜயா? நாம நெனச்சது அப்படியே வந்திருக்கு!" என்றார் இயக்குநர். கெட்ட மனிதர் அல்ல அவர். உண்மையிலேயே மகிழ்ந்தார்.

நாம் நினைத்தது அப்படியே... எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் அந்தச் சொல்லே என்னைக் குத்துகிறது. ஏன் அப்படி நினைத்தோம்? வலை பின்னும் வீட்டுப் பெண் மெதுவாகத்தான் படிப்பாள் என்று யார் எங்களுக்குச் சொன்னது? முடிவு எங்கள் எண்ணத்துக்குப் பொருந்தி வந்ததால்தானே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை! நகரத்துப் பெண்கள் மொத்தமாக எளிய பாடத்தில் விழுந்திருந்தால் அன்று மாலைக்குள் மோகனை உட்கார வைத்துக் குடைந்திருப்பேன். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று கத்தியிருப்பேன். இவர்கள் விழுந்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் குற்றம் மணி பார்த்ததில் தொடங்கவில்லை; இங்கேதான் தொடங்கியது.

அந்தப் பெண்களில் ஒருத்தி கோமதி.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரில் நேர்முக வகுப்பு வைப்போம். முதல் வகுப்பிலேயே அவளைக் கவனித்துவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். சிரிப்பு ஜாஸ்தி. கணவன் படகில் போகிறவன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் வீடு. தர்ஷினி என்று ஒரே மகள். அப்போது ஒன்றாம் வகுப்பு. மாலையில் குடியிருப்பின் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் கோமதி. பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பள்ளியின் தாளாளர் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் படிப்பை முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால் டீச்சராக எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு மொதல்ல ஒத்துக்கல மேடம். ஒரே ஒரு வருசம் டைம் குடு, டீச்சராயிட்டு வர்றேன், ஆவலன்னா உன்கூட கரைக்கு வந்து கூடைய தூக்குறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு வருடம்தான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகுப்பின்போது தனியாக வந்து நின்றாள். கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. எங்களுக்கு வர்ற பாடமெல்லாம் ரொம்ப சின்னதா இருக்கு. இதெல்லாம் எம் பொண்ணுக்கே தெரியும். வேற பாடம் இருக்குதாமே, அதுல என்ன போடக் கூடாதா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவள் தோளில் கை வைத்தேன். கனிவோடு... ஆமாம், கனிவோடுதான்! "ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேகம் இருக்கும்மா. மெதுவா படிக்கிறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. உன்னோட வேகம் என்னன்னு கம்ப்யூட்டர் பாத்துதான் குடுத்திருக்கு" என்றேன்.

அவள் முகம் மாறியது. சிரிப்பு இருந்தது, ஆனால் வேறு சிரிப்பு.

"நான் மெதுவா மேடம்?"

"கொஞ்சம்."

கொஞ்சம்! அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு எளிதாக வந்தது. அன்று மாலை அவளுடைய நுழைவுத் தேர்வைத் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லா விடைகளும் சரி. நேரம் மட்டும்தான் அவளைக் கீழே தள்ளியிருந்தது. பாவம், தெரிந்திருக்கிறது, ஆனால் யோசித்து யோசித்துச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டு பக்கத்தை மூடினேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

சில வாரங்கள் போயின. முதுநகர் சென்டரில் பாடங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன என்று புகார் வந்தது. நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார் இயக்குநர். போனேன். குறுகலான மாடிப்படி, ஒட்டி ஒட்டிப் போட்ட கணினிகள், புழுக்கம். கோமதி வாரப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த கேள்வியைச் சொடுக்கினாள். திரை வெள்ளையாக இருந்தது. வெள்ளையாகவே இருந்தது. பிறகு மேலே ஒரு கீற்று வந்தது. நான் போடச் சொன்ன பூக்களின் நுனி. நின்றது. இன்னொரு கீற்று... கோமதி என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"இது வர்றதுக்குள்ள ஒல கொதிச்சி சோறே ஆக்கிடலாம் மேடம்" என்றாள். மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னாள். வாடைக் காற்று அடிப்பதால் கணவன் கடலுக்குப் போகவில்லை என்றாள். ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தபடியே பேசினாள். கடைசியில் கேள்வி முழுதாகத் தெரிந்தது. படித்தாள், விடையைச் சொடுக்கினாள். எனக்கு அந்தக் கேள்வியை வாசித்து முடிக்கக்கூட அவகாசம் இல்லை, அவ்வளவு விரைவு.

திரையின் மூலையில் கணினி குறித்த நேரம் தெரிந்தது. அவள் கதை சொன்ன நேரம், காத்திருந்த நேரம், எல்லாம் அவள் கணக்கில் சேர்ந்திருந்தது.

நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டேன்.

"மொதல் பரீட்சையும் இப்படித்தான் வந்துச்சா கோமதி?"

"அன்னிக்கி இன்னும் மோசம் மேடம். எல்லாரும் ஒரே நேரத்துல குந்தினு இருந்தோம், ஒண்ணும் நவுரல. நடுவுல கரண்டு வேற போயிடுச்சி. மறுபடி மொதல்லேருந்து தொறந்து போட்டாங்க."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைச் சொடுக்கினாள். அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நேரம்தான் தீர்மானிக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதே! எனக்குத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். 'கோமதி, நீ மெதுவு இல்லை, இந்தப் படம்தான் மெதுவு' என்று அவள் முதுகைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அத்தோடு முடிந்திருக்கும்...

நான் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பேருந்து பிடிக்க வந்துவிட்டேன்.

மறுநாள் மோகனிடம் சொன்னேன். "நான் யோசிச்சிருக்கணும் மேடம்" என்றார். அவராவது சொன்னார். படம் முழுதாக வந்த பிறகு மணி பார்க்கும்படி மாற்றுவது அரை நாள் வேலைதானாம். "இந்த வருசம் சேந்தவங்கள என்ன பண்றது மேடம்? அவங்களையும் மாத்திடலாமா? உங்க லாகின்லயே மாத்தலாம்."

ஆம். ஒருத்தியை ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதிகாரம் என்னிடம் இருந்தது. பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு சொடுக்கு. கேட்பதற்கு ஆள் கிடையாது.

ஆனால் ஒருத்தியை மாற்றினால் எல்லாரையும் மாற்ற வேண்டும். மாற்றினால் காரணம் கேட்பார்கள். அதற்குள் எங்கள் முடிவுகளை அறிக்கையாக அனுப்பிவிட்டிருந்தோம். நிதி கொடுத்தவர்கள் பாராட்டியிருந்தார்கள். ஒரு கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்து, கைத்தட்டலும் சால்வையும் வாங்கியிருந்தேன். கடலோரப் பெண்களின் கற்றல் வேகத்தைப் பற்றிய கட்டுரை! அதையெல்லாம் எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருசத்துக்குச் சரி பண்ணுங்க மோகன். இவங்க இப்படியே போகட்டும். எளிய பாடத்தால ஒண்ணும் கெட்டுடாது" என்றேன்.

மோகன் என்னைப் பார்த்தார். சரி மேடம் என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசியதில்லை.

ஒண்ணும் கெட்டுடாது... அதுவும் பொய். எளிய பாடம் முடித்தவர்களுக்கு முழுச் சான்றிதழ் கிடையாது, பங்கேற்புச் சான்று மட்டும்தான் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது எனக்குத் தெரியும். விதிமுறைப் பக்கத்தில் ஓர் ஓரத்தில் அது இருந்தது. குப்பத்துப் பெண்கள் யாரும் அதைப் படித்திருக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மேடம் சொல்வார் என்று நம்பியிருப்பார்கள்.

ஆண்டு முடிந்தது. கோமதி எல்லாப் பயிற்சிகளையும் செய்து முடித்திருந்தாள். ஒரு நேர்முக வகுப்புக்குக்கூட வராமல் இருந்ததில்லை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தாளாளரிடம் ஓடியிருக்கிறாள். இது கலந்துகொண்டதற்குத்தான் அம்மா, படித்ததற்கு இல்லை என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாளே சிதம்பரம் வந்து என் மேசை முன்னால் நின்றாள். பக்கத்தில் அவள் கணவன். வெயிலில் கறுத்த மனிதர்; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"திரும்ப ஒரு தடவ பரீட்ச வெக்க முடியுமா மேடம்? இந்த தடவ சட்டுசட்டுன்னு போட்டுடுறேன்" என்றாள் கோமதி. யாரோ அவளுக்கு நேரம்தான் காரணம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் தெரியவில்லை.

கணவன் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்க மேடம். இதுக்கு வருமா வராதா? வரும்னா இன்னொரு வருசம்கூட வுடுறேன். கடன உடன வாங்கியாவது பாத்துக்குவேன். வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, சும்மா அலய வேணாம்."

எவ்வளவு நேர்மையான கேள்வி! ஒரே சொல்லில் பதில் இருந்தது. வரும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால், ஏன் இந்த ஆண்டு வரவில்லை என்ற அடுத்த கேள்வி வரும். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இயக்குநர் இருந்தார்.

"முயற்சி பண்ணதே பெரிய விஷயம்" என்றேன். "இப்பவே எதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க. வற்புறுத்த வேணாம்."

அவர் தலையாட்டினார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கோமதி அந்தச் சான்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வுடுங்க மேடம். நான் கொஞ்சம் மந்தம்தான் போல. மனுசங்கன்னா ஓரவஞ்சன பண்ணுவாங்க. கம்ப்யூட்டருக்கு என்ன, எம்மேல பகையா?"

அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். மோகன் மணியைச் சரிசெய்த பிறகு வந்த அடுத்த ஆண்டில், குப்பத்துப் பெண்களில் பெரும்பாலோர் இயல்பிலும் விரைவிலும் வந்தார்கள். இயக்குநர் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் எளிய பாடத்தின் புகழ் பரவி, இப்போது நன்கு தயாராகி வருகிறார்கள் என்றார்! அதற்கும் எனக்குப் பாராட்டு. அதையும் வாங்கிக்கொண்டேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன்.

கோமதியை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி. கடலூர் நேர்முக வகுப்புகளை வேறொருவரிடம் தள்ளிவிட்டேன். மாலைப் பாடம் சொல்லிக் கொடுப்பதையும் அவள் நிறுத்திவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். காதில் வாங்காததுபோல் இருந்தேன்.

புயல் வந்து எங்கள் மாவட்டத்தையே சாய்த்துப் போட்டுவிட்டுப் போனதே, அதற்கடுத்த கோடை. இந்த 2012ஆம் ஆண்டுக் கோடை. திருப்பாதிரிப்புலியூரில் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். "மேடம்!" என்று ஒரு குரல். திரும்பாமல் போயிருக்கலாம். திரும்பிவிட்டேன்.

கோமதிதான். இளைத்திருந்தாள். மீன் விற்றுவிட்டு வருகிறாள். காலிக் கூடை இடுப்பில். பக்கத்தில் அந்த மகள், தர்ஷினி. உயரமாக வளர்ந்திருந்தாள். கடைப் பலகையில் எழுதியிருந்ததையெல்லாம் உதடு அசைய வாசித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கண்கள்.

என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை! புயலில் என் வீட்டு ஓடு பறந்ததா, உடம்பு எப்படி இருக்கிறது, இன்னும் சிதம்பரம்தான் போய்வருகிறேனா என்று விசாரித்தாள். பிறகு, என்னைப் பார்த்ததில் ஏதோ பாரம் இறங்கியதுபோல், மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

டவுனில் ஒரு பெரிய பள்ளி, குப்பத்துப் பிள்ளைகளில் சிலரைத் தேர்வு வைத்து எடுத்துக்கொள்கிறதாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை செலவெல்லாம் அவர்களுடையதாம். தர்ஷினியின் டீச்சர் வீடு தேடி வந்து, இவளைக் கட்டாயம் எழுத வையுங்கள், இவளுக்குக் கிடைக்கும் என்றாராம்.

"நான் வேணாம்னுட்டேன் மேடம்."

"ஏன்?"

"கம்ப்யூட்டர்ல வெக்கிறாங்களாம் அந்தப் பரீட்சய. டைம் பாப்பாங்களாம். இது என் வவுத்துல பொறந்தது, என்ன மாதிரிதான இருக்கும்? அங்க போயி நாலு பேரு முன்னால மந்தம்னு பேர் வாங்கிட்டு வர்றதுக்கு, இருக்கிற பள்ளிக்கூடத்துலயே நிம்மதியா படிக்கட்டும். நான் பட்டது போதும். டீச்சருதான் வுட மாட்டேங்குறாங்க. பேரு குடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்குது, யோசிங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க மேடம். இதப் பத்தியே படிச்சவங்க நீங்க. நான் செய்யறது சரிதான?"

வெயில். ஆட்டோக்களின் இரைச்சல். அந்தச் சிறுமி பலகை வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

இயக்குநர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த அறிக்கையை யாரும் சீந்துவதில்லை. மறைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமே இல்லை. நன்றாகக் கேளுங்கள், ஒன்றுமே இல்லை! பயப்பட ஆளில்லாத இடத்திலும் எனக்கு நாக்கு எழவில்லை. இத்தனை நாள் தெரிந்தே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாளே... அந்த ஒரு கேள்வியை அவள் வாயிலிருந்து கேட்கத் தெம்பில்லை. அவள் என்னை மேடம் என்று அழைக்கும் அந்தக் குரல் மாறிப்போவதைப் பார்க்க மனமில்லை. அவ்வளவுதான் காரணம். இதற்குத்தான் ஒரு குழந்தையை விலையாகக் கொடுத்தேன்.

"பாத்து செய்ம்மா. பிள்ளைய ரொம்பக் கஷ்டப்படுத்த வேணாம்" என்றேன்.

கோமதியின் முகம் தெளிந்தது. குனிந்து மகளின் தலையைத் தடவினாள்.

"கேட்டியா? மேடமே சொல்லிட்டாங்க பாரு. இனிமே அந்தப் பரீட்சப் பேச்ச எடுத்து அழக் கூடாது."

அந்தக் குழந்தை அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினாள். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் தலையாட்டல். பிறகு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நடந்து போனாள்.

பெயர் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் எனக்கு விடுமுறை, ஊரில்தான் இருந்தேன். அவர்கள் குடியிருப்புக்கு எங்கள் தெருமுனையிலிருந்தே டவுன் பஸ் உண்டு. தினமும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். தினமும் அந்த நிறுத்தம் வரை போய், பஸ் வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.